சி. ஆர். ராவ்: அந்த ஓர் இரவுக்கு முன்னும் பின்னும்

"சி. ஆர். ராவ் ஒரே இரவில் ஒரு தேற்றத்தை நிறுவினார், முக்கால் நூற்றாண்டு கழித்து அதற்குப் 'புள்ளியியலின் நோபல்' கொடுத்தார்கள் என்று 2023-ல் பத்திரிகைகளில் படித்தேன். உண்மையா? அந்த ஒரு தேற்றம் தவிர அவர் வாழ்நாளில் என்னதான் செய்தார்?" என்பது கேள்வி.

இரவு உண்மை. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வைப்பதில்தான் சிக்கல். ராவின் பெரிய முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் கேள்வியை யாரோ ஒருவர் கேட்டிருப்பார். ஒரு மாணவர், ஒரு மானுடவியலாளர், வயலில் சோதனை நடத்துகிறவர், கதிர்வீச்சுத் தரவை வைத்துக்கொண்டு விழிக்கும் ஒரு குழு. ராவ் அதற்குப் பதில் தேடப் போய், கேட்டவர் எதிர்பார்த்ததைவிடப் பொதுவான ஒன்றோடு திரும்பி வருவார். அவருடைய வாழ்க்கையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கல்யம்பூடி ராதாகிருஷ்ண ராவ் 1920 செப்டம்பர் 10 அன்று ஹடகலியில் பிறந்தார். இன்று கர்நாடகத்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்து பெல்லாரி மாவட்டத்தில் இருந்தது. தெலுங்குக் குடும்பம். பத்துப் பிள்ளைகளில் எட்டாவது. தேவகியின் எட்டாவது பிள்ளை கண்ணன் என்பதால் இவருக்கும் அந்தப் பெயர். அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டர். அவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் மகனுக்குப் பள்ளிக்கூடம் மாறும்: கூடூர், நூஜிவீடு, நந்திகாமா, கடைசியில் விசாகப்பட்டினம். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுப்பி, எண்ணெய் விளக்கேற்றிப் படிக்க உட்கார வைப்பாராம். பல வருடம் கழித்துத் தன் புத்தகம் ஒன்றை அம்மாவுக்குச் சமர்ப்பித்தபோது ராவ் இதையே காரணமாக எழுதினார்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1940-ல் கணிதத்தில் எம்.ஏ., முதல் வகுப்பு, முதல் இடம். அங்கேயே ஆராய்ச்சி செய்ய நினைத்தார், உதவித்தொகை கிடைக்கவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவத்தின் நில அளவைப் பிரிவில் கணிதம் தெரிந்தவர் வேண்டும் என்று விளம்பரம் பார்த்து நேர்காணலுக்குக் கல்கத்தா போனார். அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் தங்கிய விடுதியில் ஒருவரைச் சந்தித்தார். அவர் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயிற்சிக்காக வந்தவர். அவர் சொல்லித்தான் அப்படி ஓர் இடம் இருப்பதே ராவுக்குத் தெரிந்தது. போய்ப் பார்த்தார், விண்ணப்பித்தார், 1941 ஜனவரி 1 அன்று சேர்ந்துவிட்டார்.

கழகம் என்றதும் பெரிய வளாகத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் 1931-ல் தொடங்கியது அது. அப்போது பிரசிடென்சி கல்லூரியில் அவருடைய துறையின் அறைகளில்தான் நடந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. பின்னாளில் பெயர் பெற்ற புள்ளியியலாளர்கள் ஆர். சி. போஸ், எஸ். என். ராய் இருவரும் அங்கே இருந்தார்கள். வங்காளத்தில் சணல் எத்தனை ஏக்கரில் விளைகிறது என்பதை மாதிரிக் கணக்கெடுப்பால் கண்டுபிடிக்கும் வேலை ஒரு பக்கம், மனிதர்களின் தலை, மூக்கு, உயர அளவுகளை வைத்துக் குழுக்களை ஒப்பிடும் வேலை இன்னொரு பக்கம். 1941-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் எம்.ஏ. தொடங்கியது. ராவ் அதில் சேர்ந்து 1943-ல் தங்கப் பதக்கத்தோடு முடித்தார். பிறகு கழகத்தில் வேலை, பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆசிரியர்.

அந்த ஆசிரியர் வேலையில்தான் 1944-ல் 'இரவு' வருகிறது. நவீனப் புள்ளியியலுக்கு அடித்தளமிட்ட ஆங்கிலேயர் ஆர். ஏ. ஃபிஷரின் ஒரு முடிவை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தார். மாதிரி மிகப் பெரிதாக இருக்கும்போது, ஒரு மதிப்பீடு எந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பது அந்த முடிவு. வி. எம். தாண்டேகர் என்ற மாணவர் எழுந்து, சிறிய மாதிரிக்கும் இப்படி ஓர் எல்லையை ஏன் நிறுவ முடியாது என்று கேட்டார். (இந்தத் தாண்டேகர்தான் பின்னாளில் இந்தியாவின் வறுமை பற்றி ஆய்வு செய்து பெயர் பெற்ற பொருளாதார அறிஞர்.) ராவிடம் அப்போது பதில் இல்லை. வீட்டுக்குப் போய் இரவெல்லாம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார், மறுநாள் வகுப்பில் நிறுவிக் காட்டினார். பேட்டிகளில் அவரே சொன்ன கதை இது.

நிறுவியது என்ன? ஒரு நீளத்தை 100 முறை அளக்கிறோம், ஒவ்வோர் அளவிலும் திட்ட விலக்கம் 10, பிழைகள் இயல்நிலைப் பரவலில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உண்மையான நீளத்தை இந்த 100 எண்களிலிருந்து ஊகிக்க எத்தனையோ வழிகள் உண்டு. சராசரி எடுக்கலாம், இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுக்கலாம், சிறியதையும் பெரியதையும் கூட்டி இரண்டால் வகுக்கலாம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு சூத்திரத்தை நாளை யாராவது கொண்டுவர மாட்டார்கள் என்று எப்படித் தெரியும்? ராவின் சமனிலி சொல்வது இது: ஒரு பக்கமாகச் சாயாத எந்த முறையை எடுத்தாலும், அதன் திட்டப் பிழை (ஊகம் உண்மையிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) இங்கே 1-க்குக் கீழே போகாது. சராசரி அந்த 1-ஐத் தொட்டுவிடுகிறது. ஆகவே அதை வெல்லும் முறையைத் தேடுவது வீண். இடைநிலை அளவின் திட்டப் பிழை ஏறக்குறைய 1.25. அதை வைத்து இதே துல்லியம் வேண்டுமென்றால் 100-க்குப் பதில் சுமார் 157 அளவீடுகள் எடுக்க வேண்டும். தரவில் அடங்கியிருக்கும் தகவல் எவ்வளவு என்பதை எண்ணாகச் சொல்லி, அதற்கு மேல் யாராலும் கறக்க முடியாது என்று கோடு போடும் வேலை இது. இன்றைக்கு ரேடார், ஜி.பி.எஸ்., மருத்துவப் படமெடுப்பு போன்ற துறைகளில் ஒரு கருவியின் முறை எவ்வளவு நல்லது என்று பார்க்க, முதலில் இந்தக் கோட்டைக் கணக்கிடுகிறார்கள்.

1945-ல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரையில் இது மட்டும் இருந்திருந்தாலே போதும். ஆனால் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, சுமாரான மதிப்பீட்டை நல்லதாக்கும் வழி. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி, தலை விழும் நிகழ்தகவை ஊகிக்க முதல் சுண்டலை மட்டும் பார்க்கிறேன் என்கிறார் ஒருவர். தலை என்றால் 1, பூ என்றால் 0. அசட்டு முறைதான், ஆனால் சாய்வு இல்லாதது. இப்போது, பத்தில் மொத்தம் ஏழு தலை என்று தெரிந்தால், முதல் சுண்டல் தலையாக இருந்திருக்க எதிர்பார்ப்பு என்ன? 7/10. அசட்டு முறை சரியான விடையாக மாறிவிட்டது, மாறுபாடும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. தேவையான தகவல் முழுவதையும் சுமக்கும் ஒரு சுருக்கத்தை வைத்து இப்படிச் சராசரி எடுத்தால் மதிப்பீடு மோசமாகாது, பெரும்பாலும் மேம்படும் என்பதுதான் இன்று ராவ்–பிளாக்வெல் தேற்றம். இரண்டாவது, நிகழ்தகவுப் பரவல்களை ஒரு வளைந்த பரப்பின் புள்ளிகளாகப் பாவித்து, அவற்றுக்கிடையே தூரம் அளக்கும் யோசனை. அதைச் சில பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980-களில் ஜப்பானின் அமரி போன்றவர்கள் அதிலிருந்து 'தகவல் வடிவியல்' என்று ஒரு துறையையே வளர்த்தார்கள்.

இந்த முடிவுகளுக்கு இரண்டு பேரின் பெயர் சேர்ந்து வருவதற்கும் கதை உண்டு. ஸ்வீடனில் ஹரால்ட் கிராமர் அதே சமனிலியை 1946-ல் தன் புத்தகத்தில் தனியாக எழுதினார். பிரான்சில் ஃப்ரெஷே 1943-லேயே அதன் ஒரு வடிவத்தைக் கொடுத்திருந்தார். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் எழுதும்போது பெயர் இன்னும் நீளும். போர்க்காலத்தில் யார் எழுதியது யாருக்குத் தெரியும்? சமனிலிக்குக் கிராமர்–ராவ் என்று பெயர் வைத்தவர் நெய்மன் என்ற புள்ளியியலாளர் என்பார்கள். டேவிட் பிளாக்வெல் தன் முடிவை 1947-ல் வெளியிட்டார். அப்போது அவர் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், நிறவெறியால் பெரிய பல்கலைக்கழகங்களின் கதவு அவருக்குத் திறக்காத காலம். கல்கத்தாவின் பகுதி நேர ஆசிரியரும் அவரும் ஒரே தேற்றத்தில் பெயர் பங்கிட்டுக்கொண்டது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். அந்த எல்லை சாய்வற்ற முறைகளுக்குத்தான். கொஞ்சம் சாய்வை அனுமதித்தால், ஒரே நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சராசரிகளை ஊகிக்கும்போது மொத்தப் பிழையைக் குறைக்க முடியும் என்று சார்லஸ் ஸ்டைன் 1956-ல் காட்டி எல்லோரையும் திடுக்கிட வைத்தார். ராவின் தேற்றம் அதனால் பொய்யாகிவிடவில்லை. எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, அப்புறம்? 1946-ல் கேம்பிரிட்ஜிலிருந்து மகலனோபிஸுக்கு ஒரு வேண்டுகோள். சூடானின் ஜெபல் மோயா என்ற இடத்தில் ஹென்றி வெல்கம் பெரிய அளவில் அகழாய்வு நடத்தி எடுத்த பழங்கால எலும்புக்கூடுகள் அங்கே இருந்தன. அந்த மக்கள் எந்தக் குழுக்களுக்கு நெருக்கமானவர்கள் என்று அளவுகளை வைத்துச் சொல்ல வேண்டும், இரண்டு குழுக்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்க மகலனோபிஸ் உருவாக்கிய 'தூரம்' தெரிந்த ஆள் தேவை. ராவ் போனார். பகலில் அருங்காட்சியகத்தில் மண்டையோடு அளவுகள். அதோடு ஃபிஷரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். ஃபிஷர் ஒரு நிபந்தனை போட்டார்: தன் மரபியல் ஆய்வகத்தில் எலிகளோடும் வேலை செய்ய வேண்டும். தலைப்பை நீயே தேடிக்கொள் என்பதும் சேர்த்திதான். பட்டத்துக்கு ராவ் எழுதியது உயிரியல் வகைப்பாட்டின் புள்ளியியல் சிக்கல்கள் பற்றி. பல அளவுகளை ஒன்றாக வைத்து, ஒரு மண்டையோடு இரண்டல்ல, பல குழுக்களில் எதைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கும் முறை. எலும்புகள் இல்லாவிட்டால் அந்த ஆய்வே இல்லை.

1948-ல், கேம்பிரிட்ஜை விட்டுக் கிளம்பும் ஆண்டில், இன்னொரு கட்டுரை. ஒரு கருதுகோளைச் சோதிக்க அதுவரை இரண்டு பொது வழிகள் இருந்தன: நெய்மன்–பியர்சனின் விகித முறை, வால்ட் 1943-ல் கொடுத்த முறை. ராவ் மூன்றாவதைக் கொடுத்தார். இதன் வசதி, எளிய கருதுகோளின் கீழ் மட்டும் கணக்குப் போட்டால் போதும், சிக்கலான மாதிரியை முழுதாகத் தீர்க்கத் தேவையில்லை. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இது எவ்வளவு பெரிய மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். பின்னாளில் பொருளாதார அளவியலுக்கு இது வேறொரு பெயரில், லெக்ராஞ்ச் பெருக்கிச் சோதனையாக வந்து சேர்ந்தது. பொருளாதாரம் படித்த பலருக்கு அது ராவுடையது என்று இன்றும் தெரியாது.

இதற்கிடையில் 1947-ல் வெளியான செங்குத்து அணிவரிசைகள். விவசாயச் சோதனைகளைத் திட்டமிடுவதிலிருந்து வந்தது. ஏழு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க 128 முறை வேண்டும். தேவை ஒவ்வொரு காரணியின் தனி விளைவு மட்டும்தான் என்றால், சரியாகத் தேர்ந்தெடுத்த எட்டுச் சோதனைகள் போதும். எந்த எட்டு என்பதைச் சொல்லும் கணிதம்தான் இது. ஜப்பானின் ஜெனிச்சி தகுச்சி 1950-களின் நடுவில் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து போனார். அவர் பெயரில் தொழிற்சாலைகளில் புழங்கும் அட்டவணைகளுக்கு அடியில் இருப்பது இந்த வரிசைகளே. செய்திகளைப் பிழை திருத்தி அனுப்பும் வழிகளை ஆராயும் குறியீட்டுக் கோட்பாட்டுக்காரர்களுக்கும் இவை வேறு வழியில் தேவைப்பட்டன.

அணிகளின் (எண்களைக் கட்டங்களில் அடுக்கிய அட்டவணைகளின்) பொதுமை நேர்மாறும் இதே வகைதான். 1950-களின் நடுவில், ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் கதிர்வீச்சின் நீண்டகால விளைவு பற்றிய தரவுகளை ஆராயும் வேலை வந்தது. வழக்கமான கணக்கில் ஓர் அணிக்கு நேர்மாறு காண வேண்டும். இங்கே வந்த அணிக்கு நேர்மாறே கிடையாது. ராவ், சமன்பாட்டைத் தீர்க்க மட்டும் போதுமான 'போலி நேர்மாறு' ஒன்றை வைத்து வேலையை முடித்தார். அதே சமயத்தில் இங்கிலாந்தில் பென்ரோஸ் நெருங்கிய ஒன்றை வேறு காரணத்துக்காக எழுதினார். ராவ் பிறகு எஸ். கே. மித்ராவோடு சேர்ந்து 1971-ல் இதற்கென்றே புத்தகம் போட்டார்.

ராவைப் பற்றிய கட்டுரைகள் அநேகமாக இந்த முடிவுகளோடு நின்றுவிடும். என் கணிப்பில், 1948-க்குப் பிறகு அவர் எடுத்த ஒரு முடிவுக்கும் இதே அளவு எடை உண்டு: கல்கத்தாவிலேயே இருந்தது. ஆர். சி. போஸ் 1949-ல் அமெரிக்கா போனார், எஸ். என். ராயும் தொடர்ந்து போனார். ராவ் 1949-ல் 28 வயதில் பேராசிரியராகி, ஆராய்ச்சி, பயிற்சிப் பிரிவைப் பொறுப்பேற்றார். மகலனோபிஸுக்கு ஐந்தாண்டுத் திட்டம், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு என்று டெல்லியில் வேலை அதிகம். மாணவர்களைச் சேர்ப்பது, பாடத்திட்டம் போடுவது, ஆய்வு வழிகாட்டல் எல்லாம் ராவின் தோளில். 1959-ல் நாடாளுமன்றச் சட்டம் கழகத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தது, 1960-ல் பி.ஸ்டாட்., எம்.ஸ்டாட். என்ற இளநிலை, முதுநிலைப் புள்ளியியல் படிப்புகள் தொடங்கின.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சென்னைக் கல்லூரிகளில் படித்த மூன்று பேர் 1950-களில் அடுத்தடுத்து அங்கே போனார்கள்: வி. எஸ். வரதராஜன், கே. ஆர். பார்த்தசாரதி, எஸ். ஆர். ஸ்ரீநிவாச வரதன். ஆர். ரங்கா ராவும் சேர, நால்வர் அணி. வரதன் பிரசிடென்சி கல்லூரியில் புள்ளியியல் முடித்து, தொழிற்சாலைகளுக்கான தரக் கட்டுப்பாடு படிக்கலாம் என்றுதான் 1959-ல் போனார். மற்றவர்கள் அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆவணப்படி நால்வருக்கும் வழிகாட்டி ராவ். ஆனால் அவர்கள் செய்த கணிதம் ராவின் துறை இல்லை. ஒருவருக்கொருவர் பாடம் எடுத்தே கற்றார்கள். தனக்குத் தெரியாத ஒன்றைப் படிக்கிறார்களே என்று ராவ் தடுக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். நம் பல்கலைக்கழகங்களில் வழிகாட்டியின் தலைப்பை விட்டு மாணவர் நகர்ந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர் ரஷ்யக் கணித மேதை கோல்மகோரொவ். 2007-ல் வரதனுக்குக் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு கிடைத்தது.

1967-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1968-ல் பத்ம பூஷண். 1972-ல் மகலனோபிஸ் இறந்ததும் ராவ் இயக்குநரானார், 1976 வரை. நிர்வாகம் அவர் ஆய்வை நிறுத்திவிடவில்லை, ஆனால் அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை.

1979-ல், மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோது, அமெரிக்காவுக்குப் போனார். முதலில் பிட்ஸ்பர்க். அங்கே பி. ஆர். கிருஷ்ணையாவோடு பல்மாறிப் பகுப்பாய்வு மையத்தில் வேலை. 1988-லிருந்து பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், 2001 வரை. எண்பது வயது வரை பேராசிரியர். 2001-க்கான அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கமும் இந்தியாவின் பத்ம விபூஷணும் கிடைத்தன. கடைசி ஆண்டுகள் பஃபலோவில். 2023 ஆகஸ்ட் 22 அன்று, 103-ஐத் தொட மூன்று வாரம் இருக்கையில் மறைந்தார்.

பரிசு ஏன் 102 வயதில்? பலர் இதை ஏதோ புறக்கணிப்பு போல எழுதினார்கள். பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு என்பதே புதியது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 2017-ல் டேவிட் காக்ஸிலிருந்து தொடங்குகிறது. ராவ் நான்காவது ஆள். 80,000 டாலர். 1945 கட்டுரையைத்தான் குறிப்பிட்டுக் கொடுத்தார்கள். 'புள்ளியியலின் நோபல்' என்பது பத்திரிகைக்காரர்கள் வைத்த அடைமொழி, நோபல் குழுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அவர் எழுதியதில் எதையாவது படிக்க வேண்டுமென்றால், கணிதம் தெரியாதவர்கள் 'புள்ளியியலும் உண்மையும்' என்ற பொருளில் தலைப்பிட்ட ஆங்கில நூலைப் பார்க்கலாம். ராமானுஜன் நினைவுச் சொற்பொழிவுகளாகப் பேசியது. அதில் ஒரு நிகழ்ச்சி. 1947 கலவரத்தில் டெல்லி செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தவர்களுக்கு அரசு சாப்பாடு போட்டது. எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, உள்ளே போய் எண்ணவும் முடியாது. ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த கணக்கில் சந்தேகம். புள்ளியியலாளர்கள் அரிசி, பருப்பு, உப்பு மூன்றின் பில்லையும் வாங்கி, ஒவ்வொன்றையும் ஓர் ஆள் சராசரியாகச் சாப்பிடும் அளவால் வகுத்தார்கள். மூன்றும் ஒரே எண்ணைத் தர வேண்டும், தரவில்லை. அரிசிக் கணக்கில் ஆட்கள் அதிகம், உப்புக் கணக்கில் குறைவு. உப்பு மலிவு, அதில் பொய்க்கணக்கு எழுதி யாருக்கும் லாபமில்லை. ஆகவே உப்பை நம்பினார்கள். யோசனை ராவுடையது இல்லை, கழகத்தோடு தொடர்புடைய ஜே. எம். சென்குப்தாவுடையது என்று ராவே எழுதுகிறார்.

கணிதம் தெரிந்தவர்கள் நேராக 1945 கட்டுரைக்கே போகலாம். பத்துப் பக்க அளவுதான். பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் நிகழ்தகவு படித்திருந்தால் முதல் பாதியை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். தூரம் பற்றிய கடைசிப் பகுதிக்குக் கொஞ்சம் வடிவியல் வேண்டும், அதை அவசரப்படாமல் படியுங்கள்.